தலைக்கு மேலே கை போகட்டும்!



முதுகுவலி பற்றி இந்தப் பகுதியில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் மூன்று, ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. ஒரு இளம் தாய், "குழந்தைக்குப் பால் கொடுத்து மார்பு தளர்ந்துவிட்டது. உடற்பயிற்சி செய்தால் சரியாகுமா? ஏதோ எண்ணெய் விற்கிறார்களே, தடவலாமா?" என்று கேட்டிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு தடவை அடிக்கோடு வேறு! இன்னொருவருக்குத் தோள் இரண்டும் முன்னால் வளைந்து, நெஞ்சுப்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதாம். மூன்றாவது கடிதம்தான் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. "அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆகி இருபது நாளாகிறது. கையை அசைக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறோம். எப்போதிலிருந்து அசைக்கலாம்?" என்று ஒரு மகள் எழுதியிருந்தார்.

அந்த மகளுக்கு மறுநாள் காலையிலேயே பதில் போட்டுவிட்டேன். "பத்திரிகையில் வரும்வரை காத்திருக்காதே அம்மா. நாளைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய், கைக்கு என்ன பயிற்சி என்று கேள்" என்று. ஏனென்றால் அதே 'பத்திரம்' எங்கள் வீட்டிலும் நடந்தது. அதனால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் மார்புக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

நாம் மார்பு என்று சொல்வதும், மார்புத் தசை என்று சொல்வதும் வேறு வேறு. இது தெரியாமல் நான் நாற்பத்தைந்து வயது வரை ஓட்டிவிட்டேன். மார்பகத்துக்குள் இருப்பது பால் சுரப்பிகளும், கொழுப்பும், அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய இழைகளும்தான். காம்பைச் சுற்றியுள்ள நுண்ணிய தசைகளைத் தவிர, தசை என்று அதில் ஒன்றும் கிடையாது. அதற்கு அடியில், விலா எலும்புகளின் மேல் விசிறி போல விரிந்து கிடக்கிறதே, அதுதான் பெரிய மார்புத் தசை. டாக்டர்கள் பெக்டோராலிஸ் மேஜர் என்பார்கள். காறை எலும்பிலிருந்தும், நடு நெஞ்செலும்பிலிருந்தும், மேல் விலாக்களின் குருத்தெலும்பிலிருந்தும் புறப்பட்டு, எல்லாம் ஒன்றாகக் குவிந்து மேற்கை எலும்பில் போய்ச் சேருகிறது. பனையோலை விசிறியின் காம்பு தோள் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தொட்டே பார்க்கலாம். வலது கைக் கட்டைவிரலை இடது அக்குளுக்குள் வைத்து, மற்ற விரல்களால் அக்குளின் முன்பக்க மடிப்பைப் பிடியுங்கள். இப்போது இடது உள்ளங்கையை இடுப்பில் வைத்து நன்றாக அழுத்துங்கள். பிடித்த மடிப்பு கெட்டியாகிறது அல்லவா? அதுதான்!

இந்தத் தசைக்கு என்ன வேலை என்றால், கையை உடம்போடு சேர்ப்பது, உள்பக்கமாகத் திருப்புவது, முன்னால் கொண்டுவருவது. தேன்குழல் நாழியை அழுத்தும்போது, சப்பாத்தி மாவை உள்ளங்கையால் தேய்த்துப் பிசையும்போது, குழந்தையை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைக்கும்போது எல்லாம் உழைப்பது இதுதான். தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்த மறுநாள் நெஞ்சு வலிக்கிறது என்று பயப்படுகிறோமே, பல சமயம் இந்தத் தசை முனகுவதுதான் அது. (பல சமயம் என்றுதான் சொல்கிறேன், எல்லாச் சமயமும் என்று சொல்லவில்லை. அதைப் பற்றிப் பின்னால்.)

பெரியதற்கு அடியில் சின்ன மார்புத் தசை ஒன்று ஒளிந்திருக்கிறது. மூன்று முதல் ஐந்து வரையுள்ள விலாக்களிலிருந்து தோள்பட்டை எலும்பின் முன் மூக்குக்குப் போகிறது. தோளை முன்னாலும் கீழேயும் இழுப்பது இதன் தொழில். நாள் முழுவதும் குனிந்தே இருந்தால் இது சுருங்கிப் பழகிவிடும். விலாவின் பக்கவாட்டில் ரம்பப் பல் போல வரிசையாகத் தெரியும் தசை ஒன்று உண்டு. அது தோள்பட்டை எலும்பைத் திருப்பிக் கொடுத்தால்தான் கை தலைக்கு மேல் போகும். கடைசியாக, விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே மூச்சுக்காக இருக்கிற தசைகள். அவ்வளவுதான் பாடம்.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு மூத்த சகோதரி ஒருவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். 2022ஆம் வருஷக் கடைசியில், தைத்து வந்த ரவிக்கையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்திருக்கிறார். வலது மார்பில் தோல் ஒரு இடத்தில் உள்வாங்கிக் குழி விழுந்திருக்கிறது. கையை எடுத்தால் குழி இல்லை, வைத்தால் குழி! வலி கிடையாது. அதனாலேயே நாலு மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, டாக்டர்கள் சோதிக்கும்போதும் இப்படி இடுப்பில் கையை ஊன்றி அழுத்தச் சொல்லித்தான் பார்ப்பார்களாம். அடியில் தசை இறுகும்போது, மேலே எங்காவது இழுத்துப் பிடித்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடுமாம். தசையே சாட்சி சொல்லியிருக்கிறது, நாம்தான் கேட்கவில்லை.

புற்றுநோய் என்று உறுதியானது. முதலில் கீமோ மருந்து, பிறகு ஆபரேஷன், அதன் பிறகு கதிர் சிகிச்சை என்று முறை வகுத்தார்கள். 2023 செப்டம்பரில் மார்பகத்தையும் அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். பக்கவாட்டில் ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு டப்பா. அந்த டப்பாவோடும் ஒரு கட்டுக் காகிதங்களோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மாவின் கைப்பக்குவம் வேண்டும் என்பது அவர் ஆசை.

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. மகளைக் கண்டதும் அழுது முடித்துவிட்டு, முதல் சட்டம் போட்டார். "அந்தக் கையை அசைக்கவே கூடாதுடி. தையல் பிரிஞ்சுடும். ஒரு தம்ளர்கூட தூக்காதே." பழைய வேட்டியைக் கிழித்து ஒரு தொட்டில் மாதிரி கட்டி, கையை நெஞ்சோடு சேர்த்துத் தொங்கவிட்டார். நானும், "அத்தை சொல்றது சரிதான், ரெஸ்ட்தானே முக்கியம்" என்று ஒத்துப் பாடினேன். தொண்டு செய்கிறோம் என்ற பெருமை வேறு! சாதத்தைப் பிசைந்து கொடுத்தேன், ரவிக்கைக்குக் கொக்கி போட்டுவிட்டேன். கீமோவில் முடி கொட்டியிருந்த தலைக்குப் பருத்தித் துணி கட்டிவிட்டதும் நான்தான். பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். டாக்டர் காயத்தைப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கு" என்றார், அனுப்பிவிட்டார். கையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்று வாரம் போனது, நாலு வாரம் போனது. ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சொம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். "தண்ணியை மொண்டு தோள்மேல ஊத்திக்கப் பார்த்தேன். கை வரமாட்டேங்குது" என்றார். அழக்கூட இல்லை. எனக்குத்தான் அடிவயிற்றில் என்னவோ செய்தது. இருந்தும் வெளியே வந்து, "பலவீனம்தான் அக்கா, ரெண்டு முட்டை சேர்த்துச் சாப்பிட்டா சரியாயிடும்" என்று சொன்னேன். என் மருத்துவ ஞானம் அவ்வளவு!

ஐந்தாவது வாரம் கதிர் சிகிச்சைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். ஸ்கேன் மேஜையில் படுக்க வைத்து, "கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பலகைப் பிடியில வைங்கம்மா" என்றார்கள். மார்புச் சுவரிலும் அக்குள் பக்கமும் கதிர் படவேண்டும் என்றால் கை குறுக்கே இருக்கக் கூடாதல்லவா? தினமும் அதே மாதிரி அசையாமல் படுக்க வேண்டும். அக்காவின் கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. டெக்னீஷியன் மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். அக்கா போட்ட கத்தலில் நான் வெளியே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அளவெடுக்க முடியவில்லை. டாக்டர், "இரண்டு வாரம் தருகிறேன். அதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு இஷ்டமில்லை. கையை மேலே கொண்டுவந்தால்தான் ஒழுங்காகக் கொடுக்க முடியும்" என்று சொல்லி, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வேட்டித் தொட்டிலைப் பார்த்ததும், "இது யாரும்மா கட்டினது?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்திருப்பாங்களே, படம் போட்டு?" அக்காவின் பைலைத் திறந்து பார்த்தேன். மருந்துச் சீட்டுக்கும் பில்லுக்கும் நடுவில் நாலாக மடித்து இருந்தது! இங்கிலீஷில் இருந்ததால் பில்லோடு பில்லாக வைத்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்தே செய்ய வேண்டிய சின்னச் சின்னப் பயிற்சிகள் எல்லாம் அதில் இருந்தன. தமிழில் ஒரு தாள் கொடுத்திருக்கலாம்தான். படத்தையாவது நான் பார்த்திருக்கலாம்.

எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. "தசையையும் சேர்த்து எடுத்துட்டாங்களாம்மா? அதனாலதான் கை வரலையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் அக்காவின் அக்குள் மடிப்பை என் விரலாலேயே பிடிக்க வைத்து, அக்காவை இடுப்பில் அழுத்தச் சொன்னார். கெட்டியானது! "தசை முழுசா இருக்கு. அசைக்காம வெச்சதால சுருங்கி ஒட்டிப் போயிருக்கு, தோள் மூட்டும் இறுகியிருக்கு" என்றார். மேலே நான் எழுதிய பாடமெல்லாம் அன்று அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அப்புறம்தான் வெளியே வந்தது. அவருடைய சின்னம்மாவுக்கு அறுபதுகளில் இதே ஆபரேஷன் நடந்திருக்கிறது. தோலுக்கு அடியில் விலா எலும்பு வரிவரியாகத் தெரியுமாம், கை வீங்கிப் பூசணிக்காய் மாதிரி தொங்குமாம். "அவ துணி துவைச்சா, அதனாலதான் வீங்கிச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றார். அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் 1894இல் எழுதி வைத்த முறைப்படி, மார்பகத்தோடு இரண்டு மார்புத் தசைகளையும் அக்குள் நெறிகளையும் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். எழுபது, எண்பது வருஷம் உலகமெங்கும் அதுதான் பெரிய வைத்தியம். 1948இல் லண்டனில் பேட்டி என்ற சர்ஜன் பெரிய தசையை விட்டுவைத்துச் செய்யும் முறையை எழுதினார். 1979இல் அமெரிக்க அரசின் மருத்துவக் கழகம் கூட்டிய நிபுணர் குழுவும், தசையை எடுக்க வேண்டியதில்லை என்ற பக்கம் வந்தது. இப்போது தசை வரை நோய் பரவியிருந்தால் தவிர, எடுப்பதில்லை. சின்னம்மாவின் ஆபரேஷன் வேறு, மகளின் ஆபரேஷன் வேறு என்று மாமியாருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு முழு மத்தியானம் ஆனது.

'தம்ளர்கூட தூக்காதே' என்பதும் பழைய சட்டம்தான். 2009இல் அமெரிக்காவில், ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு மேற்பார்வையோடு, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதனால் வீக்கம் கூடவில்லை. கையில் பலம்தான் கூடியது. அதற்காக நாளைக்கே குடத்தைத் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை! படிப்படியாக, சொல்லிக் கொடுப்பவர் சொன்னபடி.

அந்தப் பதினாலு நாளும் எங்கள் வீடு ஒரு பள்ளிக்கூடமாகிவிட்டது. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை. முதலில் வெந்நீர்க் குளியல், பிறகு பயிற்சி. முதல் நாள் விரலை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைச் சுழற்றுவது, மூச்சை விலா விரிய இழுத்து விடுவது. (இவையும், தோள் உயரம் வரை கையைத் தூக்குவதும் குழாய் இருக்கும்போதே செய்யலாம் என்பார்கள். தோளுக்கு மேலே போவது குழாய் எடுத்த பிறகு.) அடுத்தது கம்பு. மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து, நல்ல கை அந்தக் கையையும் சேர்த்துத் தலைப்பக்கம் கொண்டு போக வேண்டும். முடிந்த இடத்தில் ஐந்து எண்ணிவிட்டு இறக்க வேண்டும். ஐந்தாறு தடவை. கம்புக்கு எங்கே போவது? ஒட்டடைக் கம்பின் நுனியைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தேன்.

மூன்றாவது, கைவிரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்து முழங்கைகளை இறக்கை மாதிரி விரிப்பது. பிடரிக்கு எட்டாததால் அக்கா நெற்றியில் வைத்துத் தொடங்கினார். நாலாவது, சுவரேற்றம். சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே பல்லி மாதிரி மேலே ஊர்ந்து போவது. அங்கேதான் என் வீட்டுக்காரர் புத்திசாலித்தனம் காட்டினார். காலண்டர் மாட்டியிருந்த சுவரில், அக்காவின் நடுவிரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். முதல் கோடு அவர் கழுத்துக்கு நேர். மறுநாள் அரை அங்குலம். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் ஒரு அங்குலம்! கோட்டைப் பார்த்துத்தான் அக்காவுக்கு ரோஷம் வந்தது.

இழுப்பது போல இருக்கலாம், வெட்டுவது போல வலிக்கக் கூடாது என்பது அந்தப் பெண் சொன்ன அளவுகோல். ஆறாம் நாள் அக்குளிலிருந்து முழங்கை நோக்கித் தோலுக்கடியில் தந்தி கட்டினது போல ஒரு கயிறு புடைத்துத் தெரிந்தது. 'பார்த்தியா, நரம்பு அறுந்துபோச்சு' என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் நடுங்கித்தான் போனேன். போன் செய்து கேட்டதில், நெறிகளை எடுத்த பலருக்கு இப்படி வருமாம், அறுந்ததும் இல்லை, நோய் திரும்பியதும் இல்லை, பயிற்சியை நிறுத்தாதீர்கள், நீவிவிட நான் சொல்லித் தருகிறேன் என்றார். கொஞ்ச மாதத்தில் அது தானாக மறைந்தது.

பதினாலாம் நாள் கோடு உச்சந்தலைக்கு மேலே ஒரு சாண். முழுசாக நேரே வரவில்லை, முழங்கை மடங்கித்தான் இருந்தது. பலகைப் பிடியை ஒரு துளை கீழே இறக்கி வைத்து, கை அதில் உட்கார்ந்துவிட்டது. அளவெடுத்தார்கள். பதினைந்து நாள் கதிர் சிகிச்சை குறையில்லாமல் முடிந்தது. (எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.) கதிர் பட்ட பிறகும் தசை மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே வருமாம். ஆகவே பயிற்சியை விடக் கூடாது என்றார்கள். அக்கா இன்னும் விடவில்லை. மேற்கையின் உள்பக்கம் இன்னும் மரத்தே கிடக்கிறது. அது தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு, திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்கிறார்கள். அந்தக் கையில் வெட்டுக்காயம், எண்ணெய்ச் சூடு படாமல் பார்த்துக்கொள்கிறார். சிவந்து, சுட்டு, ஜுரம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்பது கட்டளை. அப்பளம் பொரிக்கிற வேலை அதனால் என்னுடையது.

நிற்க. பெயர் போடாத அந்த இளம் தாய்க்கு இப்போது பதில். எண்ணெய்க்குப் பணம் கொடுக்க வேண்டாம். மேலே தடவுவது எதுவும் உள்ளே தாங்கிப் பிடிக்கும் இழைகளை இறுக்காது. பயிற்சியால் மார்பகம் பெரிதாகவோ பழையபடியோ ஆகாது, ஏனென்றால் அதில் தசை இல்லை. ஆனால் அடியில் இருக்கும் தசை பலப்பட்டு, கூன் நிமிர்ந்தால், நிற்கும் தோற்றமே மாறும். ரவிக்கை பொருத்தமாக உட்காரும். இன்னொன்று, பால் கொடுத்ததால்தான் தளர்ந்தது என்று நினைக்காதீர்கள். கர்ப்பத்திலேயே மார்பு பெருத்துச் சுருங்குவது, வயது, உடல் எடை இவைதான் பெரிய காரணம். அந்தப் பழியைக் குழந்தை மேல் போடாதீர்கள், பாவம்!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவர்ப்பக்கம் கொண்டு போய், தள்ளித் திரும்புங்கள். எட்டு அல்லது பத்து முறை. உடம்பு பலகை மாதிரி நேராக இருக்கட்டும், இடுப்பு தொங்கக் கூடாது. சுலபமாகிவிட்டால் சுவருக்குப் பதில் சமையல் மேடை. அடுத்து, நெஞ்சுக்கு நேரே கைகூப்பி, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்தி ஐந்து எண்ணுங்கள். மூச்சை அடக்காதீர்கள், வாய்விட்டு எண்ணினால் அடங்காது.

தோள் வளைந்த சகோதரிக்குப் பலப்படுத்துவதைவிட நீட்டிவிடுவதுதான் முதலில் வேண்டும். நிலைவாசலில் நின்று இரண்டு முன்கைகளையும் நிலையில் பதித்து, ஒரு காலை முன்னால் வைத்து, நெஞ்சு மெதுவாக இழுபடும் வரை சாயுங்கள். இருபது, முப்பது எண்ணும் வரை. (நிலைவாசலில் நிற்கக் கூடாது என்று மாமியார் சொன்னால் சமையலறை வாசலில் நில்லுங்கள்.) பால் கொடுக்கும்போது குழந்தையிடம் நீங்கள் குனியாமல், மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உங்களிடம் உயர்த்திக்கொள்ளுங்கள். பாதி வலி அதிலேயே போகும். பயிற்சிக்கு முன்னால் பால் கொடுத்துவிட்டால் மார்பு கனமில்லாமல் இருக்கும், நல்ல தாங்குதலுள்ள உள்ளாடை போடுங்கள். பயிற்சி செய்தால் பால் புளித்துவிடும், வற்றிவிடும் என்பது வெறும் பேச்சு. மிதமான பயிற்சியால் பாலுக்கு ஒன்றும் ஆகாது. சிசேரியன் ஆனவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தசைவலி என்று நான் சொன்னதை வைத்து எல்லா நெஞ்சுவலிக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். தொட்டால் வலிப்பது, கையை ஒரு பக்கம் திருப்பினால் வலிப்பது பெரும்பாலும் தசையாக இருக்கும். மாடி ஏறினால் நெஞ்சு அழுத்துவது, தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுவது, கூடவே வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், இனம் தெரியாத அசதி என்று வந்தால், அடுப்பை அணைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். பெண்களுக்கு வலி அதிகம் இல்லாமல் குமட்டலும் அசதியுமாகவும் மாரடைப்பு வரும். அதேபோல மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு எது தெரிந்தாலும், வலி இல்லையே என்று அக்கா மாதிரி நாலு மாதம் காத்திருக்காதீர்கள்.

கடிதம் எழுதிய மகளிடமிருந்து போன வாரம் மறுகடிதம் வந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டார்களாம், அம்மா கம்பு பிடிக்கத் தொடங்கிவிட்டாராம். 'எவ்வளவு நீளக் கம்பு வேண்டும்?' என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஒட்டடைக் கம்பை அளந்து பார்த்தேன், மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. தோளகலத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இரண்டு கையும் தள்ளிப் பிடிக்க வந்தால் போதும் அம்மா. முனையில் சிம்பு இல்லாமல் துணி சுற்றிக்கொள்.

அடுத்த இதழில் முழங்கால்.